ஏழாம் வகுப்பு வீட்டுப்பாடம்: செய்யாமல் வரும் பிள்ளைகளை என்ன செய்வது?

கணக்கு டீச்சர், திருப்பூர்

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூர் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். வேலைக்கு வந்து 11 வருடம் ஆகிறது. இத்தனை நாள் கழித்து இந்தக் கேள்வியைக் கேட்கிறேனே என்று நினைக்காதீர்கள். போன வாரம்தான் இது எனக்கு நிஜமான கேள்வியாக ஆனது.

ஏழாம் வகுப்பில் 38 பேர். செவ்வாய்க்கிழமை எதிர் விகிதம் நடத்திவிட்டு, பயிற்சியிலிருந்து ஆறு கணக்குகளை வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். புதன் காலை 17 நோட்டு வந்தது. மேசையில் அடுக்கித் திருத்த உட்கார்ந்தேன். "8 பேர் 12 நாளில் முடிக்கும் வேலையை 6 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்?" என்ற கணக்குக்கு எட்டு நோட்டில் ஒரே விடை: 9 நாள். ஆள் குறைந்தால் நாள் கூடத்தானே வேண்டும், 16 வர வேண்டும். எட்டு பேரும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி அடித்து எழுதியிருந்தார்கள். காலையில் வராந்தாவில் ஒரு நோட்டைப் பார்த்து எட்டு பேர் எழுதியிருக்கிறார்கள் என்று புரிந்தது.

மீதி 21 பேர் எழுந்து நின்றார்கள். வழக்கமாக நான் செய்வது, பத்து நிமிடம் நிற்க வைப்பது, அல்லது அதே கணக்கை ஐந்து முறை எழுதி வரச் சொல்வது. நேற்றைக்கே செய்ய முடியாத பிள்ளை இன்றைக்கு ஐந்து மடங்கு எப்படிச் செய்யும் என்று இத்தனை வருடத்தில் நான் ஒருமுறை கூட யோசித்ததில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நின்றவர்களில் ஒரு பெண் எப்போதும் நிற்பவள். ஏன் செய்யவில்லை என்று கேட்டால் தரையைப் பார்ப்பாள். அன்றைக்கு நோட்டை வாங்கும்போது அவள் கையைக் கவனித்தேன். வலது கட்டைவிரலின் உள்பக்கம் தோல் தடித்து, நடுவில் ஒரு பள்ளம். தைத்த பனியன் பீஸில் நூல் பிசிறு வெட்டுகிற சின்னக் கத்தரி பிடித்த தழும்பு. இந்த ஊர்க்காரர்களுக்கு அது தெரியும். இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அம்மா ஒன்றரை ஷிப்டுங்க டீச்சர். வர்றதுக்கு ஒம்பது ஆகும். சோறு வெச்சு, தம்பிக்குப் போட்டுட்டு, பீஸ் வெட்டணும்."

எத்தனை பீஸ் என்றேன். இருநூறு என்றாள். எவ்வளவு நேரம் ஆகும் என்றேன்.

"ஒருத்தியா வெட்டினா ரெண்டு மணி நேரமுங்க. தம்பியும் உக்காந்தா ஒரு மணி நேரத்துல முடியோணும். ஆனா அவன் மெதுவா வெட்டுவான். அதனால ஒன்னேகால் மணி ஆயிரும்."

நான் கரும்பலகையில் நாற்பது நிமிடம் நடத்தியதை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். எல்லோரும் ஒரே வேகத்தில் வேலை செய்வதாக வைத்துக்கொண்டுதான் பாடநூல் கணக்குப் போடுகிறது. அவள் தம்பியின் வேகத்தையும் கழித்துக் கணக்குச் சொல்கிறாள். என் மதிப்பெண் பதிவேட்டிலோ அவள் பெயருக்கு நேரே வரிசையாகச் சுழி.

இன்னொரு பக்கம், போன மாதம் ஒரு பெற்றோர் வந்து, பக்கத்து இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் பிள்ளைகள் ராத்திரி வரை எழுதுகிறார்களே, நீங்கள் ஏன் இவ்வளவு குறைவாகக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அவர் கேட்டதிலும் தப்பில்லை.

வீட்டுப்பாடத்தை அடியோடு விட்டுவிடலாமா? கொடுப்பதென்றால் இந்த 38 பேருக்கும் நியாயமாக எப்படிக் கொடுப்பது? பருவம் நடக்கும்போதே போடுகிற வளரறி மதிப்பீட்டில் அதற்கு மதிப்பெண் சேர்க்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

டீச்சர், முதலில் விதி என்ன சொல்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பலருக்கு இது தெரிவதில்லை. பிள்ளைகளின் படிப்புச் சுமையைக் குறைக்க மத்திய அரசு அமைத்த யஷ்பால் குழு 1993இல் தன் அறிக்கையில், தொடக்க வகுப்புகளில் வீட்டுப்பாடம் வேண்டாம், வீட்டையும் சுற்றுப்புறத்தையும் கவனித்துப் பார்க்கிற வேலைகள் மட்டும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டது. அப்புறம் 2020இல் வந்த மத்திய அரசின் பள்ளிப்பை கொள்கை மற்ற வகுப்புகளுக்கும் அளவு சொன்னது. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கே இரண்டு மணி நேரம். ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம். அதற்கு மேல் வகுப்புகளுக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம்.

உங்கள் ஏழாம் வகுப்புக்கு இதைப் போட்டுப் பாருங்கள். எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து ஒரு மணி. ஐந்து பாடம். கணக்குக்கு வருவது 12 நிமிடம். 12 நிமிடத்தில் எதிர் விகிதத்தில் ஆறு கணக்கு எந்தப் பிள்ளையால் முடியும்? நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கே இரண்டுதான் முடியும். ஆகவே இரண்டு கொடுங்கள். ஒன்று அன்றைக்கு நடத்தியது. இன்னொன்று போன மாதம் நடத்தியது. பழையது ஒன்று கட்டாயம் இருக்கட்டும், இல்லாவிட்டால் பருவத் தேர்வு வரும்போது எல்லாம் புதிதாகத் தெரியும்.

முக்கியமான இன்னொன்று. மணி அடித்த பிறகு "வீட்டுப்பாடம் எழுதிக்கோங்க" என்று கத்துகிறோமே, அதை நிறுத்துங்கள். பாடவேளையின் கடைசி எட்டு நிமிடத்தை ஒதுக்கி, முதல் கணக்கை வகுப்பிலேயே தொடங்க வையுங்கள். நீங்கள் வரிசைகளுக்கு நடுவே நடந்தாலே, 9 என்று எழுதப் போகிறவர்களை அங்கேயே பிடித்துவிடலாம். தவறாகப் புரிந்துகொண்டதை வீட்டில் ஆறு முறை எழுதிப் பழகினால் அந்தத் தவறுதான் உறுதிப்படும். 38 பேருக்கு ஆறு கணக்கென்றால் 228 கணக்கு திருத்த வேண்டும். எந்த ஆசிரியரும் அதைப் படித்துத் திருத்துவதில்லை, டிக் அடிக்கிறோம். இரண்டென்றால் 76. அதைப் படிக்க முடியும்.

மதிப்பெண் வேண்டவே வேண்டாம். வகுப்பில் உங்கள் கண் முன்னால் செய்ததற்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள். வீட்டில் செய்ததற்குப் போட்டால் நீங்கள் மதிப்பிடுவது அந்த வீட்டைத்தான்.

தண்டனை பற்றி. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. தினமும் 21 பேரை நிற்க வைப்பதும் அதில் வரும். இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை அம்மா. நான் வேலையில் சேர்ந்த புதிதில் பிரம்பு வைத்திருந்தேன். நடவு சமயத்தில் ஒரு பையன் கையை நீட்டினான். விரல் நுனியெல்லாம் சேற்றில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. அப்போதும் அடித்தேன். அந்தக் கை இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

ரெண்டு பிள்ளைக்காரி, சென்னை

சார் சொன்ன அந்த 2018 உத்தரவைப் படித்து நான் சந்தோஷப்பட்டவள். ஆனால் என் சின்னவன் ஒரு தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படித்தபோது வீட்டுப்பாடம் வந்துகொண்டேதான் இருந்தது. பெயரை மட்டும் 'ஒர்க்ஷீட்' என்று மாற்றிக்கொண்டார்கள். தினமும் மூன்று தாள். டைரியில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

ஒரு நாள் ராத்திரி ஒன்பதரை மணிக்கு அவன் தூங்கி விழுந்து, பென்சில் கன்னத்தில் குத்தியது. அவனைப் படுக்க வைத்துவிட்டு மீதி ஒன்றரைத் தாளை நான் எழுதினேன். என் எழுத்து என்று தெரியக் கூடாதே என்று இடது கையால் எழுதினேன். மறுநாள் அதற்கு டீச்சர் நட்சத்திரம் போட்டிருந்தார். அவன் அதைக் காட்டி, "அம்மா, இது உனக்குத்தானே?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

டீச்சர், உங்களிடம் ஒரு வேண்டுகோள். செயல்திட்டம் என்று சொல்லிச் சார்ட், தெர்மகோல், கிளிட்டர் கேட்காதீர்கள். எங்கள் பக்கத்து ஸ்டேஷனரிக் கடையில் சூரியக் குடும்பம் செய்தே வைத்திருக்கிறார்கள், காசு கொடுத்தால் கையில் வந்துவிடும். காசு இல்லாத பிள்ளை வெறும் தாளில் எட்டுக் கோளையும் தன் கையால் வரைந்துகொண்டு போனால் அது கடைசி வரிசையில்தான் ஒட்டப்படுகிறது. என் பெரியவளின் தோழிக்கு நடந்தது இது. கற்றுக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

பனியன் கம்பெனி அப்பா

நானும் திருப்பூர்தான். ஓவர்லாக் டெய்லர். என் பையன் ஆறாவது படிக்கிறான். நான் சொல்வதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்கு வீட்டுப்பாடம் வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு நான் வந்தால் அரை நாள் கூலி போகும். வீட்டுக்கு வரும்போது பையன் தூங்கியிருப்பான். அவன் இன்றைக்கு என்ன படித்தான் என்று எனக்குத் தெரிகிற ஒரே வழி, பையைத் திறந்து நோட்டைப் புரட்டுவதுதான். சிவப்பு மையில் டீச்சர் ஏதாவது எழுதியிருந்தால் நின்று படிப்பேன். நோட்டு காலியாக இருந்தால் எனக்குப் பிள்ளையே தெரியாமல் போய்விடும். வீட்டுப்பாடம் இல்லை என்றால் அவன் மாலை முழுக்கப் போனில் கிடப்பான், தடுக்க வீட்டில் ஆள் இல்லை.

எவ்வளவு கொடுப்பது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு வரியாவது கொடுங்கள். அவன் எழுதியதற்குப் பக்கத்தில் நீங்களும் ஒரு வரி எழுதுங்கள்.

சிவகாசிக்காரன்

நான் வீட்டில் தீப்பெட்டி ஒட்டி வளர்ந்தவன். பள்ளி விட்டு வந்தால் பசை கிண்டி, பெட்டி ஒட்டி, அடுக்கிக் காய வைத்துவிட்டுத்தான் சாப்பாடு. நோட்டை விரித்தால் பக்கமெல்லாம் பசை ஒட்டும். அந்தப் பெண் தரையைப் பார்ப்பது ஏன் என்று எனக்குத் தெரியும். காரணத்தைச் சொன்னால் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். அடி வாங்குவது அதைவிட லேசு.

அதனால் மூன்று விஷயம் சொல்கிறேன். அவளிடம் எல்லோர் முன்னாலும் "நீ மட்டும் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். எனக்கு ஒரு சார் அப்படிச் சொன்னார். பாசத்தில்தான் சொன்னார். அன்றிலிருந்து மற்றவர்கள் என்னை வேறு ஆளாகப் பார்த்தார்கள், நானும் எனக்குப் படிப்பு இல்லை என்று முடிவு செய்தேன். இரண்டாவது, அவள் சொன்ன பீஸ் கணக்கை வகுப்பில் உதாரணமாக எடுக்க உங்களுக்கு ஆசை வரும். எடுக்காதீர்கள். வேண்டுமானால் தண்ணீர்க் குழாய், தேங்காய் உரிப்பது என்று மாற்றிக் கேளுங்கள். வீட்டு வருமானத்தை எழுதி வரச் சொல்கிற வேலையும் வேண்டாம்.

மூன்றாவது, வீட்டுப்பாடத்தை விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாரிஸ் கூப்பர், 1987 முதல் 2003 வரை அங்கே வந்த ஆய்வுகளைத் திரட்டி 2006இல் வெளியிட்டார். சின்ன வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு பலவீனமாகவும், ஏழாம் வகுப்பிலிருந்து பலமாகவும் இருக்கிறது என்பது அதில் வந்த முடிவு. பி.எட். படித்தபோது அதைப் பார்த்து எனக்கு ஆச்சரியமில்லை. என் வாழ்க்கையில் அப்படித்தான் நடந்தது. எட்டாம் வகுப்பில் வந்த டீச்சர் தினம் ஒரே ஒரு கணக்குக் கொடுப்பார். காலையில் மணி அடிக்கக் கால் மணி நேரம் முன்னால் வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். செய்யாதவர்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்யலாம். யார் கேட்டாலும் "காரணம் வேண்டாம், நோட்டு எடு" என்பார். அந்த ஒரு கணக்குதான் என்னைப் பாலிடெக்னிக் வரைக்கும் கொண்டுபோனது, அப்புறம் ஆசிரியர் வேலைக்கும். வீட்டுப்பாடமே வேண்டாம் என்று விட்டால், டியூஷன் வைக்க முடிந்த வீட்டுப் பிள்ளை அங்கே செய்துகொள்ளும். எங்களுக்கு அதுவும் இருக்காது.

கணக்கு டீச்சர், திருப்பூர் (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் இரண்டு முறை படித்தேன். சிவகாசி சாரின் பதிலைப் படித்ததும், அந்தப் பெண்ணைப் பற்றி இவ்வளவு எழுதியதே தவறோ என்று தோன்றியது. இனி அவளைப் பற்றி இங்கே எழுதமாட்டேன்.

இப்போது செய்வது இதுதான். தினம் இரண்டு கணக்கு, தஞ்சாவூர் சார் சொன்னது போல ஒன்று புதியது, ஒன்று பழையது. கடைசி எட்டு நிமிடம் வகுப்பிலேயே தொடங்குகிறோம். காலை வழிபாட்டுக்கு முன் இருபது நிமிடம் வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காருகிறேன். முதல் இரண்டு நாள் நான்கே பேர் வந்தார்கள், அதுவும் பயந்துகொண்டு. நான் எதுவும் கேட்கவில்லை. "நோட்டு எடு" என்பதோடு சரி. இப்போது பதினைந்து பேர் வரை வருகிறார்கள். வீட்டிலேயே செய்து முடித்தவர்களும் சும்மா வந்து உட்காருகிறார்கள், அதனால் யார் எதற்கு வந்தார்கள் என்பது வெளியே தெரிவதில்லை. இதை நான் திட்டமிடவில்லை, தானாக அமைந்தது.

17 நோட்டு வந்த வகுப்பில் நேற்று 33 வந்தது. வீட்டில் செய்தது எது, மரத்தடியில் செய்தது எது என்று நான் பிரித்துக் குறிக்கவில்லை. அதே ஆள்-நாள் கணக்கை எண் மாற்றி மறுபடி கொடுத்தேன். தவறாகச் செய்தவர்கள் ஆறு பேர், ஆனால் ஆறும் ஆறு விதமான தவறு. அதைப் பார்த்து எனக்கு அவ்வளவு நிம்மதி. அவரவர் தவறு அவரவர் நோட்டில் இருக்கிறது.

பனியன் கம்பெனி அண்ணாவுக்கு: ஒவ்வொரு நாளும் ஒரு வரிசைப் பிள்ளைகளின் நோட்டில் ஒரு வரி எழுதுகிறேன். "வகுத்தல் சரியாக வருகிறது, தசமப் புள்ளியில் தடுமாறுகிறான்" என்கிற மாதிரி. இரண்டு நோட்டில் வீட்டிலிருந்து பதிலும் வந்தது. ஒன்றில் "நன்றி" என்று மட்டும், பென்சிலில்.

சரியாகாதது நிறைய இருக்கிறது. ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் எண்ணாகக் கொடுத்தால் மடமடவென்று போடுகிறான். தமிழில் வாக்கியமாக வந்தால் நிற்கிறான். வீட்டில் தமிழ் படித்துச் சொல்ல யாரும் கிடையாது. அவனுக்குக் கணக்கைப் படமாக வரைந்து கொடுக்கிறேன், தினமும் முடிவதில்லை. 2021இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது எங்கள் லைன் வீடுகளுக்கு நடுவே ஒரு தன்னார்வலப் பெண் மாலையில் பிள்ளைகளை உட்கார வைத்தார். அந்த மாதிரி ஓர் இடமும் ஆளும் இவனுக்கு இப்போது வேண்டும். இங்கே யாருக்காவது ஒடியா மொழியில் சின்னக் கணக்குச் சொற்பட்டியல் எழுதித் தர முடியுமென்றால் பெரிய உதவியாக இருக்கும்.

அப்புறம் மற்ற பாடங்கள். நான் 12 நிமிடத்தில் நிறுத்தினால் போதுமா? போன வியாழக்கிழமை ஒரே நாளில் ஆங்கிலத்தில் மூன்று பக்கம், சமூக அறிவியலில் ஒரு வரைபடம், தமிழில் கட்டுரை. வகுப்புக் கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு, அன்றைக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று நிமிடத்தில் எழுதலாம் என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டேன். இரண்டு பேர் சரி என்றார்கள். ஒருவர் இன்னும் யோசிக்கிறேன் என்கிறார். தஞ்சாவூர் சார், உங்கள் பள்ளியில் இதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள்.

இன்று காலை மரத்தடியில் ஒரு பிள்ளை நோட்டுக்குப் பதிலாக ஒரு சீட்டை நீட்டியது. கம்பெனியில் துணிக் கட்டோடு கட்டி வருகிற பண்டில் சீட்டு. ஒரு பக்கம் சைஸ், எண்ணிக்கை. மறு பக்கம் இரண்டு கணக்கும், பொடி எழுத்தில், இரண்டும் சரி. நோட்டு எங்கே என்று நான் கேட்கவில்லை. யாருடைய சீட்டு என்று இங்கேயும் சொல்லப் போவதில்லை. தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். ஸ்டாஃப் ரூமிலிருந்து கோந்து எடுத்து வந்து, நோட்டு வந்ததும் இதை அதில் ஒட்டிக்கொள் என்று கொடுத்தேன்.